குறை காணவில்லை

மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் எங்கள் சர்வீஸ் கடையின் சீட்டில் கடைசிக் கட்டம் என்னுடையது. யார் கொண்டுவந்தார், என்ன மிஷின், என்ன புகார் என்ற மேல் கட்டங்களை முன்பக்கக் கவுண்டரில் இருப்பவர் நிரப்பிவிடுவார். நான் என்ன கண்டேன் என்பதைக் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எழுதியது இரண்டே சொற்கள். "குறை காணவில்லை." ஒரே மிஷினுக்கு மூன்றாவது முறையாக அதை எழுதினேன்.

மிஷின், பேட்டரியில் ஓடும் ஒரு நெயில் கன். விசையை இழுத்தால் மரத்தில் ஆணியை இறக்கும். கொண்டுவந்தவர் என் அக்காவின் கணவர்.

கவுண்டரில் இருப்பவருக்கு ரசீது என்று பெயர். நாங்கள் வைத்த பெயர்தான். அவர் வீட்டில்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணாவது தடவையா குறையக் காணோம்னு எழுதறீங்க. காணாமப் போனவங்க அறிவிப்பு மாதிரி இருக்கு. போட்டோ ஏதாவது இருந்தா குடுங்க, பக்கத்துல ஒட்டிடறேன்."

நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாதது அவருக்குப் பழக்கம். பின்பக்க அறையில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அக்கா என்னை ஊமைக்கோட்டான் என்பாள். மிஷின்களோடு வேலை செய்கிறவளுக்குக் காது போதும், வாய் எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ரசீதுக்கு அடுத்த போன் வந்துவிட்டது. அவர் பேசுவது பின்னறை வரை கேட்கும்.

"என்னது, அஞ்சு ஆணி இருக்கு, ஆனா அடிக்க மாட்டேங்குதா? கோளாறு இல்ல சார். கடைசி அஞ்சு ஆணிக்கு வந்ததும் அதுவே நின்னுக்கும். வெறும் மரத்தக் குத்திடக் கூடாதுல்ல, அதுக்கு. இன்னொரு பட்டை ஆணி போடுங்க, ஓடும். ஆமா சார், அந்த அஞ்சு பேரும் பத்திரமா இருப்பாங்க."

நெயில் கன்னில் வரும் கோளாறுகளில் பாதி இப்படிப் போனிலேயே தீர்ந்துவிடும். பேட்டரியை 'டக்' என்று சத்தம் வரும்வரை தள்ளியிருக்க மாட்டார்கள். ஆணி வெளியே வரும் மூக்கில் ஒன்று வளைந்து சிக்கியிருக்கும். அளவு மாறிய ஆணியைப் போட்டிருப்பார்கள். ஆணி முழுதாக இறங்காமல் தலை நீட்டிக்கொண்டு நின்றால், ஆழம் வைக்கும் சின்னச் சக்கரத்தை யாராவது திருப்பிவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, காரணத்துக்கு ஒரு இடம் உண்டு. எனக்கு இந்த வேலை பிடித்துப் போனதே அதனால்தான்.

ஆனால் மாமாவின் சீட்டில் புகார்க் கட்டத்தில் இருந்தது, "சில சமயம் அடிக்காது." என் தொழிலில் இதைவிடக் கொடுமையான புகார் கிடையாது. எப்போதும் அடிக்காத மிஷினைச் சரிபண்ணிவிடலாம். சில சமயம் அடிக்காத மிஷின், என் மேஜைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும்.

மூன்று முறையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். பேட்டரி உட்காரும் தகடுகளைத் துடைத்தேன். ஆணிப் பட்டையைத் தள்ளும் ஸ்பிரிங்கைச் சோதித்தேன். மூக்கு மரத்தில் அழுந்தினால்தான் விசை வேலை செய்யும், அது பாதுகாப்புக்காக வைத்தது. அந்த மூக்கு தங்குதடையில்லாமல் உள்ளே போய் வருகிறதா என்று பார்த்தேன். முதல் முறை இருபது ஆணி அடித்தேன், இரண்டாம் முறை நாற்பது. மூன்றாம் முறை எனக்கே ஒரு சந்தேகம் வந்து, இடது கையில் பிடித்து நாற்பது அடித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

இடது கையில் அடித்ததற்குக் காரணம் உண்டு.

போன வருடம் மாமா ஏணியிலிருந்து சரிந்து, வலது கை ஜன்னல் கண்ணாடிக்குள் போய்விட்டது. காயம் ஆறியது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. கையில் வலு வரும், உணர்ச்சியைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாமா தச்சு வேலைக்காரர். கதவு, நிலை, அலமாரி என்று இருபத்திரண்டு வருடமாக மரத்தோடுதான் இருக்கிறார். சும்மா இருக்க முடியாமல், வலது கை தேறும்வரை இடது கையைப் பழக்கினார். இடது கையால் சாப்பிட்டார், பட்டன் போட்டார், கடைக்குப் போக வேண்டிய சாமான் பட்டியலை எழுதினார். அக்கா அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கடைக்காரரும் அவளுமாக உட்கார்ந்து படிப்பார்களாம். "பருப்புன்னு எழுதியிருக்காரா, செருப்புன்னு எழுதியிருக்காரான்னு பஞ்சாயத்து" என்பாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். சுத்தியலும் ஆணியும் என்றால் இரண்டு நல்ல கை வேண்டும். நெயில் கன்னுக்கு ஒன்று போதும். அந்த ஒரு கையை நம்பித்தான் திரும்பினார். திரும்பிய வாரமே கன் நிற்க ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மிஷினை வாங்க அவரே வந்தார். வழக்கமாகக் கவுண்டரிலிருந்தே, "டாக்டரம்மா, பேஷண்ட் எப்படி?" என்று குரல் கொடுப்பார். அன்று கொடுக்கவில்லை. நான் வெளியே வந்தபோது சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டே சொற்கள்தான், ஆனால் வெகுநேரம் படித்தார்.

"நீயே அடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"எந்தக் கையில?"

"ரெண்டுலயும்."

"இடது கையில எத்தன?"

"நாப்பது. நாப்பதும் இறங்குச்சு."

உண்மையைச் சொல்கிறோம் என்ற நிம்மதியோடுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ரசீது, சீட்டோடு கட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பேட்டரியையும் மற்றதையும் எடுத்து மாட்டி, பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மாமா பெட்டியை இடது கையில் வாங்கினார்.

"அப்ப மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணாடிக் கதவு தானாக மெல்ல மூடிக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை மதியம் அக்காவின் போன் வந்தது.

"ஊமைக்கோட்டான் இருக்காளா?"

"சொல்லுக்கா."

"உன் மாமா சனிக்கிழமையோட வேலைய விடறாராம். டூல்ஸையெல்லாம் ஒட்டடைக்குச்சிகிட்ட குடுத்துடப் போறாராம். மரக்கடை குடோன்ல ஆள் கேட்டிருக்காங்க. உக்காந்து பலகைய எண்ணற வேலை."

ஒட்டடைக்குச்சி, மாமாவின் கூட்டாளி. உயரமும் ஒல்லியும் கொடுத்த பெயர். பதினைந்து வருடமாக அவர் மரத்தை அறுத்துக் கொடுக்க, மாமா பொருத்துவார்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? வேணாம்னு சொன்னா, கஷ்டப்படுன்னு சொன்ன மாதிரி. சரின்னு சொன்னா, உன்னால முடியாதுன்னு நானே முத்திரை குத்தின மாதிரி. அதான் துணிய மடிச்சுக்கிட்டிருந்தேன். மடிச்ச துணியையே மறுபடியும் மடிச்சேன்."

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"ஏன்டி, மிஷின்லதான் கோளாறுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

"இல்லாத கோளாற எப்படிக்கா எழுதறது?"

"எழுத வேணாம். ஆனா நாப்பதுன்னு எதுக்குடி எண்ணிக்கை சொன்ன? அந்த நாப்பது ஆணியும் அவர் மண்டையிலதான் இறங்கியிருக்கு. ராத்திரி சோத்த அளைஞ்சுக்கிட்டு, 'அவ அடிச்சா நாப்பதும் இறங்குது, நான் அடிச்சா நிக்குது, அப்ப எதுல குறை'ன்னு கேக்கறாரு. என்னையில்ல. தட்டப் பாத்து."

போனை வைத்த பிறகு மேஜையிலிருந்த கிரைண்டரை எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஒரு சீட்டில் நான் எழுதும் இரண்டு சொற்கள் மிஷினைப் பற்றியவை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மிஷினில் குறை இல்லை என்று எழுதினால், குறை வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தமாகிவிடுகிறது. பிடித்திருக்கும் கையைத் தவிர வேறெங்கே போக முடியும் அது?

சாயங்காலம் வரை அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் நிற்கிறது, என் கையில் ஓடுகிறது. ஆள் மாறியதால்தான் இந்த வித்தியாசம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஆனால் இடமும்தானே மாறியிருக்கிறது? அவர் வேலை செய்யும் இடத்தில் அந்தக் கன்னை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இதை யோசிக்க எனக்கு மூன்று சீட்டு ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ரசீதிடம் அரைநாள் லீவு சொன்னேன். "உலக அதிசயம். எங்க போறீங்க?" என்றார். "குறையத் தேட" என்றேன்.

அது இரண்டாவது மாடியில் புதிதாகத் தயாராகும் ஒரு பல் மருத்துவமனை. படிக்கட்டிலேயே மரத்தூள் வாசனை வந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் இன்னும் காகிதம் ஒட்டியிருந்தது. பெயிண்ட் வாளிகளும் வயர்ச் சுருள்களுமாகக் கிடந்த வராந்தாவில் ஒட்டடைக்குச்சி நின்றிருந்தார். கையில் ஒரு பெரிய கான்வாஸ் பை, காலிப் பை.

"வாம்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "இந்தப் பையப் பாத்து தப்பா நெனச்சுக்காத. நான் வாங்கிக்கலன்னா வேற எவனுக்காவது தூக்கிக் குடுத்துடுவாரு. நான் எடுத்துக்கறதுக்கு வாங்கல. வச்சிருக்கறதுக்கு."

"தெரியும்ணே."

"மனுஷன் முகத்தப் பாக்க முடியல. உள்ள கடைசி ரூம்ல இருக்காரு. அதோட முடியுதாம்."

கடைசி அறையில் மாமா கதவு நிலையைச் சுற்றி மெல்லிய பலகைப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"என்ன இந்தப் பக்கம்? பல்லு வலியா?"

"கன்னப் பாக்கலாம்னு வந்தேன் மாமா."

"அதுலதான் ஒண்ணும் இல்லயே."

"நீங்க வேலையப் பாருங்க. நான் ஓரமா உக்காந்துக்கறேன்."

கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியில் உட்கார்ந்தேன். அவர் என்னை மறக்க முயன்றார், மறக்கவும் செய்தார். வேலை தெரிந்தவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். பட்டையை வலது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, இடது கையில் கன்னைக் கொண்டுவந்து மூக்கை ஊன்றி விசையை இழுப்பார். டப். அரை அடி தள்ளி மறுபடியும் டப். வலது கையின் அந்த இரண்டு விரலும் மரத்தில் படாமல் கொஞ்சம் விலகியே இருந்தன. நிலையின் மேல்பாகமும் இரு பக்கங்களும் முடிந்தன. முப்பது ஆணியாவது இருக்கும். ஒன்றுகூட நிற்கவில்லை.

பிறகு மண்டியிட்டு, சுவரின் அடியில் தரையை ஒட்டி வரும் பட்டைக்கு வந்தார். டப். டப். டப். நாலாவது சத்தம் வரவில்லை.

மாமா என் பக்கம் திரும்பவில்லை. கன்னை எடுத்துவிட்டு மறுபடியும் ஊன்றினார். டப்.

"பாத்தியா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"பாத்தேன்."

"கை சரியா அழுத்த மாட்டேங்குது. அதான் விஷயம்."

"மாமா, மேல அடிக்கும்போது எப்பவாவது நின்னிருக்கா?"

"கவனிச்சதில்ல."

வாசலில் நின்ற ஒட்டடைக்குச்சி இருமினார். "மேல நின்னதே இல்லப்பா. கீழதான். நான் பாத்திருக்கேன்."

"அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லடா?"

"குனிஞ்சா உன் கைக்கு வலு குறையுதோன்னு நெனச்சேன். அத எப்படிப்பா உன்கிட்டச் சொல்றது?"

அக்கா துணியை மடித்திருக்கிறாள். இவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நான் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மாமாவின் மனம் நோகக் கூடாது என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு மௌனம் இருந்தது. அவரைச் சுற்றி நாங்கள் கட்டிய அந்த மௌனத்துக்குள்தான் அவர் இத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருந்தார். மௌனத்தை நான் எப்போதும் நல்லதென்றே நினைத்து வந்தவள். அன்று முதல்முறையாக அதன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

"கன்னக் குடுங்க மாமா. நீங்க எப்படி உக்காந்தீங்களோ அப்படியே நான் உக்காரணும். காட்டுங்க."

இடது கையில் வாங்கி, அவர் மண்டியிட்ட இடத்தில் மண்டியிட்டேன். தரையை ஒட்டி அடிக்கும்போது கன்னைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். கனம் தெரியாமல் இருக்க, பேட்டரிப் பக்கத்தை முழங்காலில் சாய்த்துக்கொள்வாராம். சாய்த்தேன். முழங்காலில் ஏதோ கெட்டியாகக் குத்தியது.

குனிந்து பார்த்தேன். கொக்கி. கன்னை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள, பேட்டரிக்குச் சற்று மேலே பொருத்தியிருக்கும் சாதாரண இரும்புக் கொக்கி.

என் மேஜைக்கு வந்த மூன்று முறையும் இந்தக் கன்னில் கொக்கி இருந்ததில்லை.

முழங்காலைக் கொக்கியில் அழுத்தியபடி மூக்கை ஊன்றி விசையை இழுத்தேன். ஒன்றுமில்லை. அடியில் எரிய வேண்டிய சின்ன விளக்கும் எரியவில்லை. முழங்காலை எடுத்தேன். விளக்கு வந்தது. இழுத்தேன். டப்.

மறுபடியும் முழங்கால். அமைதி. எடுத்தால், டப்.

"என்னம்மா, கீ குடுத்த பொம்ம மாதிரி வெளயாடற?" என்றார் ஒட்டடைக்குச்சி. மாமா என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

கொக்கியைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைப் பார்த்தேன். கம்பெனி ஸ்க்ரூ கறுப்பாக, குட்டையாக இருக்கும். இது மஞ்சள் நிறம், மரத்தில் முடுக்குகிற ஸ்க்ரூ.

"இது ஏது மாமா?"

அவர் வலது கையை மடக்கி, பிரித்து, மறுபடியும் மடக்கினார்.

"இடது கைக்கு மாறினேன்ல. கொக்கி அந்தப் பக்கம் இருந்தா தோதுப்படல. கழட்டி இந்தப் பக்கம் மாட்டினேன். மாட்டும்போது அந்தக் கறுப்பு ஸ்க்ரூ இந்த ரெண்டு விரல் நடுவுல இருந்து விழுந்துடுச்சு. விழுந்ததே எனக்குத் தெரியல. மரத்தூளுக்குள்ள அரைமணி நேரம் தேடினேன். கிடைக்கல. பாக்கெட்ல கிடந்ததுல ஒண்ண எடுத்துப் போட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பேனே."

"ஒரு ஸ்க்ரூவப் பிடிக்கத் துப்பில்லன்னு உன்கிட்ட வந்து சொல்லவா?"

நான் கொண்டுவந்திருந்த கருவிகளை வாளியின் மேல் பரப்பினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த மஞ்சள் ஸ்க்ரூவைத் திருகி எடுத்தேன். வந்துகொண்டே இருந்தது. கம்பெனி ஸ்க்ரூ என் நகத்தின் நீளம் என்றால், இது விரலில் பாதி. பிறகு அடிப்பாகத்தின் மூடியைத் திறந்தேன். உள்ளே விசைக்குப் போகும் வயரின் இணைப்பு, சரியாக அந்த ஓட்டைக்கு நேரே இருந்தது. அதன் பிளாஸ்டிக்கில் ஊசி குத்தியதுபோல் ஒரு பள்ளம்.

"இங்க பாருங்க. கொக்கி அழுந்தும்போதெல்லாம் ஸ்க்ரூ முனை இந்த இணைப்ப நெம்பிவிடுது. கரண்ட் நின்னுடுது. கொக்கிய விட்டா மறுபடியும் போய் உக்காந்துக்குது. நின்னுக்கிட்டு அடிச்சா கொக்கி எதுலயும் இடிக்காது. மண்டி போட்டாதான் முழங்கால்ல இடிக்கும்."

மாமா தலையை நுழைக்காத குறையாக அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

"ஏழு வாரம்" என்றார் ஒட்டடைக்குச்சி. "ஏழு வாரமா ஒரு ஸ்க்ரூவாடா நம்மள ஆட்டி வச்சுது?"

"நீ ஏன் கண்டுபிடிக்கல?" என்றார் மாமா என்னிடம். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆள், தன்னோட கொக்கிய நாங்க தொலைச்சுட்டோம்னு கடையில சண்டை போட்டாரு. அன்னைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். மிஷின் வந்ததும் கொக்கி, பேட்டரி எல்லாத்தையும் கவுண்டர்லயே கழட்டி உறையில போட்டுக் கட்டிடணும். உள்ள வெறும் மிஷின்தான் வரணும், என் மேஜையில இருக்கற பேட்டரிய வச்சே நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். மூணு தடவையும் ஸ்க்ரூ உறைக்குள்ள இருந்துச்சு மாமா. நான் அது இல்லாத மிஷின வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"நாப்பதும் இறங்குச்சுன்னியே."

"ஆமா."

காகிதம் ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான மௌனங்கள் எனக்குப் பழக்கம், ஆனால் அது என்னுடையது அல்ல. அவர் அதை முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"செவ்வாக்கிழமை வீட்டுக்குப் போற வழியில வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்" என்றார். "இந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். நீயுமாடான்னு கேட்டேன்." இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம், அது என்ன பண்ணும்? ஒழுங்காத்தான் அடிச்சிருக்கு."

"மாமா, நான்..."

"விடு. நான் ஸ்க்ரூ விழுந்தத மறைச்சேன். நீ கொக்கிய உறையில போட்ட. இந்த நெட்டையன் வாயில கொழுக்கட்டை. எல்லாம் நல்லா வந்து சேந்தோம், ஊமைங்க சங்கம்." எழுந்து நின்று கால்சட்டையின் தூளைத் தட்டினார். "மூடிய மாட்டு. அடிச்சுப் பாப்போம்."

இணைப்பில் விரிசல் இல்லை. இறுக்கி உட்காரவைத்து, மூடியை மாட்டி, பேட்டரியைத் தள்ளினேன். டக். கொக்கி இல்லாத கன்னை அவரிடம் கொடுத்தேன்.

அவர் மண்டியிட்டார். முதல் ஆணிக்கு முன் ஒரு நொடி தயங்கினார். டப். அடுத்தது. அதற்கடுத்தது. வேண்டுமென்றே முழங்காலில் சாய்த்து அழுத்தி அடித்தார். டப். சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தவழ்ந்தபடியே போனார். ஒட்டடைக்குச்சி அறுத்த பட்டைகளைக் கொண்டுவந்து கொண்டுவந்து நீட்டினார். சைகைகூட இல்லாமல் ஒருவர் நீட்டுவதும் மற்றவர் வாங்குவதுமாக ஓடியது. இப்படித்தான் பதினைந்து வருடம் ஓடியிருக்கும் போல.

இரண்டாவது சுவரில் ஒரு சத்தம் மாறி விழுந்தது. ஆணி போயிருந்தது, ஆனால் முழுதாக இறங்கவில்லை. தலை கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது.

ஒட்டடைக்குச்சியின் கையிலிருந்த பட்டை அந்தரத்தில் நின்றது. என் கை தானாக ஆழம் வைக்கும் சக்கரத்தை நோக்கிப் போனது.

"தொடாத" என்றார் மாமா.

ஆணித் தலையைக் கட்டைவிரலால் தடவினார். கன்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார். கையில் அடிபட்டதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"இது மிஷின் இல்ல. நான் சரியா அழுத்தாம இழுத்துட்டேன். இது என்னோட தப்பு." ஏதோ தொலைந்து கிடைத்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "இது என்னோடதுடா."

"பெருமையப் பாரு" என்றார் ஒட்டடைக்குச்சி. "பத்திரம் எழுதி வச்சுக்க."

மாமா கன்னைத் தரையில் வைத்தார். பெட்டியிலிருந்து ஆணியை உள்ளே தட்டும் உளியை எடுத்து இடது கையில் பிடித்தார். சுத்தியலை வலது கையில் எடுத்தார். மூன்று விரல்தான் இறுக்கிப் பிடித்தது, மற்ற இரண்டும் சும்மா கூடப் போயின. இரண்டு தட்டு. ஆணித் தலை மரத்துக்குள் மறைந்தது. சுத்தியலை உடனே கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பையக் குடு" என்றார்.

ஒட்டடைக்குச்சியின் முகம் விழுந்துவிட்டது. "எதுக்குப்பா? இன்னைக்கே என்ன அவசரம்..."

"குடுடா."

வாங்கி, நாலாக மடித்து, தரையில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டார். "முட்டி வலிக்குது. இன்னும் ரெண்டு செவுரு இருக்கு." அடுத்த பட்டைக்காகக் கையை நீட்டினார். "டாக்டரம்மா, கறுப்பு ஸ்க்ரூ எப்ப வரும்?"

"திங்கக்கிழமை மாமா."

"அதுவரைக்கும் கன்ன எங்க மாட்டறது?"

"நான் நிக்கறேன்ல, கழுத்துல மாட்டு" என்றார் ஒட்டடைக்குச்சி. மரத்தூள்தான் காரணமென்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்தேன். என் பையிலிருந்து மாமாவின் சீட்டு நகலை எடுத்து, கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்தேன். அதற்குக் கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. "கொக்கியோடு பார்க்கவும்" என்று எழுதினேன். திங்கட்கிழமை ரசீதிடம் சட்டத்தை மாற்றச் சொல்ல வேண்டும். நாலு கேலியாவது செய்வார். செய்யட்டும்.

போன் அடித்தது. அக்கா.

"எங்கடி இருக்க? கடைக்குப் போன் பண்ணா, ஏதோ குறையத் தேடப் போயிருக்கறதா அந்த ஆளு சொல்றாரு. அங்க போயிருக்கியா? டூல்ஸக் குடுத்துட்டாரா? வாயத் தொறந்து பேசுடி."

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போனை அறை வாசலை நோக்கி நீட்டினேன். டப். சின்ன இடைவெளி. டப். டப். மறுபடியும் டப்.

போனைக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. அக்கா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை.

"அவரா?" என்றாள் கடைசியில்.

"அவர்தான்."

"நிக்கலயா?"

"நிக்கல. மிஷின்லதான்க்கா கோளாறு. நெஜமாவே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன். நெறைய பேசணும்."

"நீயா? நெறையவா?" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, இதுவரைக்கும் எத்தன அடிச்சிருக்காரு?"

உள்ளே மாமா எதற்கோ ஒட்டடைக்குச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். அதன் நடுவிலும் சத்தம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"எண்ணலக்கா" என்றேன்.